ஃபைல் மாமா

அவர் ஃபைலைத் திறப்பதற்குள் எழுந்துவிட வேண்டும். திறந்துவிட்டால் சாயல்குடி பஸ்ஸை மறந்துவிட வேண்டியதுதான்.

"தம்பி என்ன, கம்ப்யூட்டர் சயின்ஸா? நல்லது, நல்லது. சர்டிபிகேட் ஏதாச்சும் போட்டிருக்கீகளா?"

‘போடுவது’தான் அவருடைய வினைச்சொல். ஊசி போடுவது, ரீசார்ஜ் போடுவது மாதிரி சர்டிபிகேட் போடுவது. இந்த விஷயத்தில் ‘படிப்பது’ என்று அவர் சொல்லிச் சிக்கல் ஊரில் யாரும் கேட்டதில்லை. ஜாவா போட்டாச்சு, பைத்தான் போட்டாச்சு, கிளவுடு போடணும். கூடவே ‘ஸ்கோப்’ என்று ஒரு சொல் வரும். எதற்கு ஸ்கோப், யாருக்கு ஸ்கோப் என்றெல்லாம் இடையில் கேட்கக் கூடாது.

ஃபைல் நீல ரெக்ஸின். ஜிப் வைத்தது. முக்கால் தூரம் வந்ததும் ஜிப் மாட்டிக்கொள்ளும். அவர் பதற மாட்டார். மேசை டிராயரிலிருந்து ஒரு மெழுகுவர்த்தித் துண்டை எடுத்து, பல் வரிசையில் இரண்டு தேய்ப்பு தேய்த்து, குழந்தைக்குச் சோறூட்டுவதுபோல் இழுப்பார். திறந்த பிறகு முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்குவார். "கடைசியா போட்டதை மட்டும் காட்டுங்கண்ணே" என்று அவசரக்காரர்கள் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். ராமாயணத்தை யாராவது பட்டாபிஷேகத்தில் தொடங்குவார்களா?

முதல் உறையில் தட்டெழுத்து. லோயர், ஹையர், தமிழ், ஆங்கிலம் என்று நாலு தாள், நாலிலும் அரசாங்க முத்திரை. அடுத்தது கோபால். 1999-இல் ராமநாதபுரத்தில் ஒரு மாடிப்படி ஏறி ஆறு மாதம் கற்றது. வருடத்தை இரண்டே இலக்கத்தில் எழுதிவைத்த பழைய கோபால் புரோகிராம்களெல்லாம் 2000 பிறந்ததும் குழம்பிப்போகும், திருத்துவதற்கு அமெரிக்காவில் ஆள் போதவில்லை என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. பேச்சு பொய்யில்லை, அந்த அலையில் விமானம் ஏறிய தமிழ்ப் பிள்ளைகள் ஏராளம். இவருக்குச் சான்றிதழ் கைக்கு வந்தபோது 2000 பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. உலகம் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கோபால் என்பது வாத்தியார் பெயர் என்றே அவருடைய அம்மா கடைசிவரை நினைத்திருந்தார்.

பிறகு விஷுவல் பேசிக். பிறகு ஜாவா, கீழே சன் மைக்ரோசிஸ்டம்ஸ் முத்திரை. 2010-இல் ஆரக்கிள் அந்தக் கம்பெனியையே வாங்கிவிட்டது. கொடுத்தவர் இல்லை, தாள் இருக்கிறது. பக்கத்திலேயே ஃப்ளாஷ், எதிர்ப்பக்கத்தில் மைக்ரோசாஃப்டின் எம்.சி.எஸ்.இ. அந்தக் கடைசித் தேர்வுக்குக் கேள்வி–பதில் தொகுப்பு ஒன்றை, ‘டம்ப்ஸ்’ என்பார்கள், பத்து நாள் நெட்டுருப்போட்டார். இதில் அவர் மட்டும் குற்றவாளி இல்லை. இப்படித் தேறியவர்களுக்கு அமெரிக்காவிலேயே ‘பேப்பர் எம்.சி.எஸ்.இ.’ என்று பட்டப்பெயர் உண்டு. 2020 டிசம்பர் 31-ஆம் தேதி ஃப்ளாஷுக்கு அடோபி மூடுவிழா நடத்தியது. 2021 ஜனவரி 31-ஆம் தேதி எம்.சி.எஸ்.இ.யை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. ஒன்றுக்கு முப்பதாம் நாள் படையல் போட்ட கையோடு அடுத்த சாவு. அந்த இரண்டு உறைகளையும் புரட்டும்போது அவர் குரல் இறங்கும். கேட்பவரும் சற்று நேரம் பேசாமல் இருப்பது மரியாதை.

இத்தனைக்கும் எல்லாமே லேமினேஷன் செய்தவை. அவருக்கு அதில் செலவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், ரீசார்ஜ் என்று அவர் வைத்திருக்கும் கடையில் லேமினேஷன் மிஷின் சொந்தம்.

கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் வியாதியின் மூலம் தெரியும். காலையில் முதல் ஆள் சாதிச் சான்றுக்கு வருவார். அடுத்தவருக்கு வருமானச் சான்று. வருமானமே இல்லாதவர், அது இல்லை என்பதற்கும் சான்று வேண்டும். பிறந்த ஊரிலேயே அறுபது வருடம் குடியிருக்கும் பெரியவருக்கு இருப்பிடச் சான்று. மிளகாய்க்குப் பயிர்க் காப்பீடு போட வி.ஏ.ஓ. கொடுத்த அடங்கல். நாள் முழுக்க இப்படி ஒரு தாளிலிருந்து இன்னொரு தாள் பிறப்பதையே பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர், தாளை நம்பாமல் வேறு எதை நம்புவார்?

அவர் கணக்கு அரசு வேலைக்குச் சரியாகவே வருகிறது. தட்டச்சர் பணி என்றால் தட்டெழுத்துச் சான்றிதழ் வேண்டும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் ‘கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன்’ தாளையும் கேட்பார்கள். ஹையர் பாஸ் என்றால் நிமிடத்துக்கு 45 சொல். அங்கே தாளும் கையும் ஒன்றையேதான் சொல்லும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒவ்வொரு தகுதியையும் பதிந்து, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து, பதிவுமூப்புக்காகக் காத்திருந்த தலைமுறை இவருடையது. அமேசானின் கிளவுடு சான்றிதழும் மூன்று வருடத்தில் காலாவதி என்று தெரிந்தபோது அவர் அதிரவில்லை, மகிழ்ந்தார். "பார்த்தீகளா, அவனும் ரினியூவல் வச்சிருக்கான். அப்ப நம்பலாம்."

இங்கேதான் சிக்கல், ஊரைச் சொல்லவில்லை. புரோகிராம் எழுதுகிற வேலைக்குப் பதிவுமூப்பு கிடையாது. கணினியைத் திருப்பி வைத்து, "எழுதுங்க" என்பார்கள். ஜோஹோவை எடுத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பாமல் தானே பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுக்கும் பள்ளியை இருபது வருடமாக நடத்துகிறது. பட்டத்தையே கேட்காத இடத்தில் லேமினேஷனுக்கு என்ன வேலை?

சான்றிதழ் எல்லாமே வெறும் தாள் என்று எழுதிவிட்டுப் போவதும் நியாயமில்லை. ரெட் ஹேட்டின் லினக்ஸ் தேர்வில் நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியே கிடையாது. ஒரு கணினியைக் கொடுத்து, பூட் ஆவதை நடுவில் நிறுத்தி உள்ளே நுழை, பயனாளரைச் சேர், டிஸ்க்கைப் பிரி என்பார்கள். கணினியை மறுபடி இயக்கிய பிறகும் செய்த வேலை அப்படியே நின்றால்தான் மதிப்பெண். சிஸ்கோவின் உச்சத் தேர்வுக்கு எட்டு மணி நேரம் ஆய்வகத்தில் உட்கார வேண்டும். கீழக்கரைப் பக்கத்துப் பிள்ளை துபாய்க்கு நெட்வொர்க் வேலைக்குப் போகையில் இப்படி ஒரு தாள் கையில் இருந்தால் அது பேசும். ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் நடத்தும் என்பிடெலில் வகுப்பு இலவசம்; சான்றிதழ் வேண்டுமென்றால் 1,000 ரூபாய் கட்டித் தேர்வு மையத்துக்குப் போய் எழுத வேண்டும். சென்னை கணிதவியல் நிறுவனத்தின் மாதவன் முகுந்த் அதில் நடத்தும் பைத்தான் பாடத்தை, வாரப் பயிற்சியைத் தன் கையால் அடித்து முடிக்கும் பிள்ளைக்குத் தாள் வராவிட்டாலும் நஷ்டமில்லை. தொடக்கக்காரருக்குச் சான்றிதழ் செய்யும் பெரிய உபகாரம் ஒன்றுதான்: தேர்வுத் தேதி என்று ஒன்று இருப்பதால் கொஞ்சமாவது உட்கார வைக்கும்.

ஃபைல் மாமா அந்த உட்காரும் பகுதியைத்தான் தாண்டிவிடுவார். வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, அந்தப் பக்கம் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருப்பார். வீடியோ முடிந்த சத்தம் கேட்டால் வந்து ‘அடுத்து’ பொத்தானைத் தட்டுவார்.

அவரை மாமா என்று உரிமையோடு அழைக்கிறவன் ஒருவன்தான், அக்கா மகன். பி.இ. மூன்றாம் வருடம். 2022 மார்ச்சில் அரசு ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கிய பிறகு கல்லூரியிலேயே திறன் வகுப்புகள் வந்துவிட்டன. வகுப்பில் அறுபது பேர் என்றால் அறுபது பேரிடமும் ஒரே சான்றிதழ். அறுபது பேரும் சிவப்புச் சட்டை போட்டு வந்தால் சிவப்புச் சட்டைக்காரனைக் கூப்பிடு என்று யாரைச் சொல்வது? பையன் இப்படிக் கேட்டபோது மாமா தன் பிரம்மாஸ்திரத்தை எடுத்தார்.

"மாப்ள, நம்ம ஊர் முண்டு மிளகாய்க்கு 2023-ல புவிசார் குறியீடு வந்துச்சா இல்லையா? மிளகாய்க்கே சர்டிபிகேட் இருக்கு. உனக்கு வேணாமா?"

"தாத்தா மூட்டையை இறக்குனப்ப யாவாரி குறியீட்டையா மாமா கேட்டான்? உள்ள கையை விட்டு ஒரு பிடி அள்ளி, காதுகிட்ட வச்சுக் குலுக்குனான்."

மாமா ஜிப்பை மூடிவிட்டார். அது அபூர்வமான நாள்.

இதுவரை சிரித்தாயிற்று. சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. தன் காசில் அவர் எத்தனை தாள் வேண்டுமானாலும் வாங்கட்டும். கரிமூட்டம் போடுகிறவர் ஒருவரின் மகள், முதல் வருடம் படிப்பவள், விண்ணப்பம் போடக் கடைக்கு வந்தாள். அவளிடம், தொடக்கநிலைப் பைத்தான் தேர்வு ஒன்று இருக்கிறது, 59 டாலர்தான் என்று சொல்லிக் கட்டவைத்தார். ‘தான்’! கருவேல விறகை வெட்டி, அடுக்கி, மண் பூசி, நாள் கணக்கில் புகையில் நின்று வரும் காசு அது. அதே பாடத்தை ஹார்வர்டின் சிஎஸ் 50-யும் ஃப்ரீகோட்கேம்ப்பும் காசில்லாமல் நடத்தி, காசில்லாமல் சான்றிதழும் தருகின்றன. வீட்டில் லேப்டாப் இருக்கிறதா என்றுகூட அவர் கேட்கவில்லை. அண்ணனுக்கு எப்போதோ அரசு கொடுத்த லேப்டாப் ஒன்று இருந்தது. சார்ஜர் வேலை செய்யவில்லை. அந்தக் காசில் சார்ஜர் வாங்கச் சொல்லியிருந்தால் அவள் இன்றைக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருப்பாள். தெரியாமல் செய்தார் என்று விட்டுவிடவும் மனம் வரவில்லை. இருபத்தைந்து வருடமாக இந்தத் தாள்கள் தனக்கு என்ன வாங்கிக் கொடுத்தன என்பது அவருக்குத் தெரியும்.

பையனுக்கும் அந்தக் கோபம்தானோ என்னவோ, ஒரு மழைநாளில் கடையில் கூட்டமில்லாதபோது மாமாவுக்கு ஒரு கணக்குக் கொடுத்தான். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் 2007 வாக்கிலிருந்து கேட்டுவரும் ‘ஃபிஸ் பஸ்’ சோதனைதான். இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகளின் எண் விளையாட்டிலிருந்து இம்ரான் கோரி என்பவர் எடுத்துச் சொன்னது. பையன் ஊருக்கு ஏற்றபடி மாற்றினான். ஒன்றிலிருந்து நூறுவரை வரிசையாக எழுத வேண்டும். மூன்றால் வகுபட்டால் எண்ணுக்குப் பதில் ‘உப்பு’. ஐந்தால் வகுபட்டால் ‘மிளகாய்’. இரண்டாலும் வகுபட்டால் ‘உப்புமிளகாய்’.

"இவ்வளவுதானா?" என்று மாமா நாற்காலியை இழுத்துப்போட்டார். விரல்கள் பறந்தன; ஹையர் பாஸ் செய்த விரல்கள். உப்பு, மிளகாய், உப்பு, உப்பு, மிளகாய், உப்பு என்று 12 வரை குறையில்லை. 15 வந்தது: ‘உப்பு’. மிளகாயைக் காணோம். 30-இலும் உப்பு, 45-இலும் உப்பு.

அவர் எழுதிய முதல் ‘இஃப்’ மூன்றை விசாரித்தது. 15 வகுபடும் என்றதும் ‘உப்பு’ என்று எழுதிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது. பின்னால் வரிசையில் நின்ற ஐந்தும், அதற்கும் பின்னால் நின்ற ‘இரண்டும்’ உள்ளே நுழையவே முடியவில்லை. பைத்தான் தொடங்கும் எல்லாரும் ஒருமுறை இடித்துக்கொள்ளும் நிலைப்படி அது. பையன் சொல்லிக்கொடுக்கவில்லை. மாமா கூகிளைத் திறந்தபோது, பையன் கைபேசியைப் பிடுங்கி ரீசார்ஜ் கூப்பன் டப்பாவுக்குள் போட்டான்.

"இதுக்கு ஏதாச்சும் சர்டிபிகேட் இருக்கா மாப்ள?"

"இல்ல மாமா."

"அப்பறம் எதுக்கு..." என்றவர் எழுந்துபோகவில்லை. இரண்டு பேர் ஜெராக்ஸுக்கு வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். இரவு பதினொன்றுக்குப் பையனின் கைபேசி அடித்தது. எடுத்ததும், ஹலோகூடச் சொல்லாமல், "பதினஞ்சுல ரெண்டும் வந்துருச்சு" என்றார். "அந்த ‘ரெண்டும்’கிறதை மொத வரிசைக்குக் கொண்டுவந்துட்டேன்டா."

மறுநாள் ஃபைலில் புது உறை. ஒன்று முதல் நூறுவரை, உப்பும் மிளகாயுமாக, இரண்டு பத்தியில் பிரிண்ட் எடுத்து லேமினேஷன் போட்டிருந்தார். ஓரத்தில் ஒரு கொசு மாட்டியிருந்தது. கீழே தேதி, கையெழுத்து, கடை முத்திரை.

"முத்திரை எதுக்கு மாமா?"

"முத்திரை இல்லாட்டி யாரு நம்புவா?" என்றார் மெழுகுவர்த்தியைத் தேடிக்கொண்டே. "உனக்கும் ஒண்ணு போட்டுத் தரவா?"