அண்ணாச்சி தியானத்தில் இருக்கிறார்

தென்காசிப் பக்கம் தியான அண்ணாச்சியை அடையாளம் காண அவர் சம்மணம் போட்டு உட்காரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ‘நல்லாருக்கியளா அண்ணாச்சி?’ என்று கேட்டால் போதும். மற்றவர்கள் ‘ஏதோ இருக்கேன்’ என்பார்கள். இவர் கண்ணை ஒரு தடவை மெல்ல மூடித் திறந்து, ‘இந்தக் கணத்துல இருக்கேன் தம்பி’ என்பார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி மண்டியோ, பிரானூரில் மரக்கடையோ, வங்கியில் விருப்ப ஓய்வோ, ஏதாவது ஒன்று இருக்கும். டாக்டர் ‘பிரஷர்’ என்று சொன்ன வாரத்தில் கல்யாண மண்டபம் ஒன்றில் நடந்த மூன்று நாள் பயிற்சிக்குப் போனவர், ஒரு விரிப்பு, போனில் மணியடிக்கும் ஒரு ஆப், தன்னைத் தவிர ஊரே அவசரத்தில் இருக்கிறது என்ற கண்டுபிடிப்பு ஆகிய மூன்றுடன் திரும்பியிருப்பார். முதல் இரண்டும் யாரையும் தொந்தரவு செய்வதில்லை.

காலை நாலரைக்கு எழுந்துவிடுவார். தெருவுக்கே தெரிகிற மாதிரி எழுவார் என்பதுதான் விசேஷம்: மோட்டார் ஓடும், செம்பு உருளும், பூஜை அறைக் கதவு முனகும். ஐந்து மணிக்குக் கண்ணை மூடினால் ஐந்து நாற்பதுவரை வீட்டில் ஊரடங்கு. மதினி மிக்ஸி போடக் கூடாது. பேரன் அழக் கூடாது. குக்கர் விசிலடிக்கக் கூடாது. இதைக் குக்கருக்கு எடுத்துச் சொல்வதும் மதினியின் பொறுப்பு. ஆக, தியானத்தில் இருப்பவர் ஒருவர், மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பவர்கள் நாலு பேர். வியாழக்கிழமை என்றால் மௌன விரதம் வேறு. குற்றாலத்தில் மௌனசாமி மடம் என்றே ஒரு மடம் இருக்கிறது. பேசாமலிருந்தே பேர் பெற்ற துறவியின் மடம். அண்ணாச்சியின் மௌனம் அந்த வகையறா அல்ல. சட்னியில் உப்பு குறைவு என்பதை அவர் இரண்டு கையாலும் புருவத்தாலும் சொல்ல, மதினி ஊறுகாய், மோர், நெய் என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டித் தேர்வெழுத வேண்டும். விடை தப்பினால் அண்ணாச்சியின் முகம் சிவக்கும். வாய் மட்டும் திறக்காது. வாட்ஸ்அப் திறந்திருக்கும். ‘இன்று மௌனம். அவசரம் என்றால் மெசேஜ் போடவும்’ என்று அதில் ஸ்டேட்டஸும் இருக்கும்.

சிரித்துவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் இந்த மனிதர் மூலமாக ஒரு நியாயமான கேள்வி எழுகிறது. தியானம் பழகினால் மனிதன் அன்றாட வாழ்வில் வளர்கிறானா? ‘எனக்குள்ள பெரிய மாற்றம்’ என்று அண்ணாச்சி சொல்வார். அந்தச் சாட்சியம் செல்லாது, மதினியின் சாட்சியம்தான் செல்லும் என்பது என் கட்சி. அமெரிக்காவில் ஜான் கபட்-ஜின் என்பவர் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தியானப் பயிற்சி ஒன்றைத் தொடங்கிவைத்தார். இன்று உலகமெங்கும் பேசப்படும் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ அலையின் ஊற்றுகளில் அது முக்கியமானது. அதன்பின் ஆய்வுகள் குவிந்தன. 2014-இல் ‘ஜாமா இன்டர்னல் மெடிசின்’ என்ற மருத்துவ இதழ், ஏறத்தாழ 3,500 பேரை உள்ளடக்கிய 47 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் அலசலை வெளியிட்டது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் மிதமான நிவாரணம் கிடைப்பதற்குச் சான்று உண்டு; உடற்பயிற்சி, மருந்து முதலிய மற்ற வழிகளைவிட தியானம் மேலானது என்பதற்குச் சான்று இல்லை. இதுதான் அதன் சாரம். அண்ணாச்சி முதல் பாதியை மட்டும் வெட்டிக் குடும்பக் குழுவுக்கு ஃபார்வர்டு செய்திருக்கிறார். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: இத்தகைய ஆய்வுகள் பலவற்றில், பழகியவரே வினாத்தாளை நிரப்பித் தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்கிறார். கூட இருப்பவர்களை யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை.

அப்படியானால் கிடைப்பது என்ன? சின்ன விஷயம்தான். கோபம் கிளம்புவதற்கும் சொல் புறப்படுவதற்கும் நடுவில் ஒரு நொடி. மூச்சைக் கவனித்துப் பழகியவனுக்கு, ‘ஓஹோ, இப்போது கத்தப்போகிறேன்’ என்பது கத்துவதற்கு முன்பே தெரிந்துவிட வாய்ப்பு இருக்கிறது. பழகாதவனுக்குக் கத்தி முடித்து, தண்ணீர் குடித்த பிறகு தெரியும். இந்த ஒரு நொடியை அற்பம் என்று தள்ள வேண்டாம். குடும்பங்களில் பத்து வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதெல்லாம் அந்த நொடி இல்லாத குறையால்தான். ஆனால் அது விரிப்பின் மேல் தேவைப்படுவதே இல்லை. பேரன் பாலைக் கொட்டும்போதுதான் தேவை.

‘வீட்டுல இருந்தா மனசு எப்படி அடங்கும்? மலைக்குப் போவணும்’ என்பது அண்ணாச்சியின் மறுப்பு. நியாயம்போலத்தான் தெரிகிறது. மனம் அலைவது மனித இயல்பே. 2010-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, 2,250 பேரிடம் போன் வழியே அவ்வப்போது விசாரித்து, விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ 47 சதவீதம் செய்கிற வேலையில் மனம் இல்லாமலேயே போகிறது என்று கணக்குச் சொன்னது. குற்றாலம் பேரருவிக்கு அடியில் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். மேலிருந்து விழும் தண்ணீர் நடுவழியில் பொங்குமாகடல் என்ற பாறைக் குழியில் வேகம் தணிந்து வருவதாலேயே நம் முதுகெலும்பு பிழைக்கிறது. அப்படியும் தலைமேல் விழுகிற அடியில் வீட்டுக்கடன் தவணை ஞாபகம் வராது. ஆனால் போலீஸ்காரர் விசில் ஊதி வெளியே தள்ளியதும் என்ன நடக்கிறது? செருப்பு எங்கே, துண்டு எங்கே, வண்டியை எங்கே நிறுத்தினோம். தண்ணீர் பிடித்துவைத்த மனசு தண்ணீர் விட்டதும் ஓடிவிட்டது. தியானத்தின் சவாலே அருவி இல்லாத இடத்தில் அதைத் தானே பிடித்து நிறுத்துவதுதான். இதைச் சோதிக்க ஐந்தருவி வரிசையைவிடத் தோதான இடம் வேறில்லை. ஜூன் 21, சர்வதேச யோகா தினம், நல்ல சீசனில் வருகிறது. காலையில் மைதானத்தில் மூச்சுப்பயிற்சி செய்துவிட்டு வந்த அண்ணாச்சி, முன்னால் நிற்பவரைப் பார்த்து ‘ஏல, உங்க வீட்டுக் குழாயால இது? நகருல!’ என்று முழங்குவார். தானே உள்ளே போனதும் காலம் கடந்த நிலைக்குப் போய்விடுவார். கழுத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கும் போன் அதையும் வீடியோ எடுத்துக்கொண்டிருக்கும்.

பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிடும்போதும் அவர் கற்றதை விடுவதில்லை. கபட்-ஜின் பயிற்சியில் ஓர் உலர்ந்த திராட்சையைப் பார்த்து, முகர்ந்து, நாக்கில் வைத்து, நிதானமாக மெல்லச் சொல்வார்கள். நல்ல பயிற்சி. அதை ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு, நாற்காலிக்குப் பின்னால் அடுத்த குடும்பம் கைக்குழந்தையுடன் நிற்கும்போது பரோட்டாவின் அடுக்கு ஒவ்வொன்றுக்கும் செய்வதில்தான் சங்கடம். தன் நாக்கைக் கவனித்தவருக்குப் பின்னால் நிற்கிற குழந்தை கண்ணில் படாதது என்ன கவனம் என்று புரியவில்லை.

‘அகத்தியர் உக்காந்த பொதிகை மண்ணு இது, அமெரிக்காக்காரன் நமக்குச் சொல்லணுமா?’ என்பார் அடுத்து. வேண்டாம், கபட்-ஜினே பௌத்த தியானத்திலிருந்தும் யோகத்திலிருந்தும் எடுத்துக்கொண்டவர்தான். திருமூலர் மூச்சைப் பற்றி விரிவாகவே பாடியிருக்கிறார். ஆனால் தாத்தா பெரிய பயில்வான் என்பதால் பேரனுக்குத் தண்டால் எடுக்க வந்துவிடாது. தவிர, நம் ஆட்களையே சாட்சிக்குக் கூப்பிட்டாலும் வழக்கு அண்ணாச்சிக்குச் சாதகமாகத் திரும்பாது. வேதாத்திரி மகரிஷி (1911–2006) நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர், குடும்பஸ்தர். அவர் வகுத்த மனவளக்கலைப் பயிற்சியில் தியானத்தோடு விஷயம் முடிந்துவிடவில்லை. அகத்தாய்வு என்று ஒரு பாடம் உண்டு, அதில் சினம் தவிர்த்தல் ஒரு பகுதி. யார் மேல், எதற்காகக் கோபம் வருகிறது என்று தாள் எடுத்து எழுதிப் பார்க்கிற வேலை. கண்ணை மூடிக்கொண்டு எழுத முடியாது. இதற்கும் மேலே போய், தம் துணைவியார் லோகாம்பாளின் பிறந்தநாளான ஆகஸ்ட் 30-ஐ மனைவி நல வேட்பு நாளாகக் கொண்டாட வைத்தார். தியானத்துக்கு மதிப்பெண் போடுகிறவர் அடுக்களையில் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இங்கே யாராவது குறுக்கிடலாம்: ‘பாவம், மனிதர் திருந்தப் பார்க்கிறார். குடித்துவிட்டு வருகிறாரா, சீட்டாடுகிறாரா? கேலி செய்தால் உள்ளதையும் விட்டுவிடுவார்.’ ஒப்புக்கொள்ள வேண்டிய வாதம். வாரத்துக்கு ஏழு தடவை கத்தியவர் ஐந்து தடவை கத்தினால் அது லாபம். அந்தக் கணக்கு மதினியிடம் இருக்கிறது, கேட்டால் சொல்வார். உள்ளுக்குள் கிடைக்கும் ஆனந்தத்தை வெளியிலிருந்து எப்படி அளப்பது என்ற மறுப்பும் உண்டு. ஆனந்தம் அவருடையதாகவே இருக்கட்டும், யாரும் பங்கு கேட்கவில்லை. ஆனால் ‘நான் வளர்ந்துட்டேன்’ என்று சொன்னால், கதவுநிலையில் கோடு போட்டுப் பார்க்க வீட்டாருக்கு உரிமை உண்டு.

மதினிக்கும் நாற்பது நிமிஷம் வேண்டாமா என்ற கேள்விக்குத்தான் ஒருவரிடமும் பதில் இல்லை. வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான் தட்டு கழுவுவதையே தியானமாகச் செய்யலாம் என்று எழுதினார். 2015-இல் அமெரிக்காவில் 51 மாணவர்களைக் கொண்டு அதைச் சோதித்தும் பார்த்தார்கள்: நுரையின் மணம், தண்ணீரின் சூடு, தட்டின் தொடுகை என்று கவனித்துக் கழுவியவர்களிடம் படபடப்பு 27 சதவீதம் குறைந்ததாம். சின்ன ஆய்வு, அதை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது. ஆனால் செலவில்லாதது, விரிப்புகூட வேண்டாம், ராத்திரிப் பாத்திரம் எல்லா வீட்டிலும் கிடக்கிறது. அண்ணாச்சி கழுவும் நேரத்தில் மதினி கண்ணை மூடி உட்காரலாம். மகள் சென்னையிலிருந்து இந்தச் செய்தியைக் குடும்பக் குழுவில் போட்டாள். இரண்டு நீல டிக் விழுந்தது. அண்ணாச்சிக்கு அன்று வியாழக்கிழமை இல்லை, இருந்தாலும் மௌனம்.