ஒட்டகச்சிவிங்கிக்குக் கீழே

பையனுக்கு இரண்டரை வயது. எனக்கும் மனைவிக்கும் வேலை சென்னை ஓ.எம்.ஆரில். போன மாதத்துச் சனிக்கிழமைகள் எல்லாம் 'டே கேர்' பார்ப்பதிலேயே போயின. ஏறக்குறைய பெண் பார்க்கப் போவது மாதிரிதான். சொஜ்ஜி பஜ்ஜிக்குப் பதிலாகப் பிராஸ்பெக்டஸ் தருகிறார்கள்.

முதல் இடத்து நிர்வாகி அம்மாள், பிள்ளையின் பெயரைக் கேட்பதற்கு முன்பே மூளையைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். வலது மூளை, இடது மூளை, நடு மூளை. கசாப்புக் கடையில்கூட இத்தனை நுணுக்கமாகப் பிரித்து நான் பார்த்ததில்லை. ஃபோனிக்ஸ் உண்டு, அபாகஸ் உண்டு, ரோபாட்டிக்ஸ்கூட உண்டாம்.

"ரெண்டரை வயசுக்கு ரோபாட்டிக்ஸா மேடம்?"

"இதுவே லேட் சார்."

"சரி, ஒண்ணுக்கு வந்தா யார் கூட்டிட்டுப் போவாங்க?"

இந்தக் கேள்வி அவருடைய பாடத்திட்டத்தில் இல்லை. ஆயா இருக்கிறாராம். எத்தனை ஆயா? ஒருவர். எத்தனை பிள்ளைகள்? "முப்பத்தஞ்சு இருக்கும் சார். எல்லாருக்கும் ஒரே நேரத்துல வராதுல்ல."

மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் படிக்கும் பிளே ஸ்கூலிலேயே இருபது பேருக்கு ஓர் ஆசிரியர், ஒரு பராமரிப்பாளர் வேண்டும் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறை போட்டிருக்கிறது. ஆணையத்துக்கு நடு மூளை வேலை செய்யவில்லை போலிருக்கிறது.

பக்கத்து நாற்காலியில் இன்னொரு தம்பதி. ஏ.சி. உண்டா, ஸ்நாக்ஸ் ஆர்கானிக்கா, ஆண்டு விழா எந்த மண்டபத்தில் என்று வரிசையாகக் கேட்டுத் திருப்தியாகப் பணம் கட்டிவிட்டுப் போனார்கள். மாதம் பன்னிரண்டாயிரம். "ஆயாவுக்கு எவ்வளவு தர்றீங்க?" என்று நான் கேட்டதும் அறையே குளிர்ந்துபோயிற்று. ஏ.சி. இருப்பது அப்போதுதான் உறைத்தது. அது அவர்களுடைய 'இன்டர்னல் மேட்டராம்'. வெளியே செருப்பு மாட்டும்போது அந்த ஆயா அக்காவே சொன்னார்: "ஏழாயிரம் சார். என் சின்னவள பக்கத்து வீட்டுப் பாட்டிகிட்ட விட்டுட்டு வர்றேன்." முப்பத்தைந்து பிள்ளைகளைத் தூக்குகிற கைக்குத் தன் பிள்ளையைத் தூக்க நேரமில்லை.

இரண்டாவது இடத்தில் கேமரா. கூடத்தில் ஆறு, வராந்தாவில் இரண்டு. "ஆபீஸ்ல இருந்தே மொபைல்ல லைவா பாக்கலாம் சார்!" பார்க்கலாம்தான். பிள்ளை தடுக்கி விழுவதை மீட்டிங்கில் உட்கார்ந்தபடி நல்ல தெளிவாகப் பார்க்கலாம். தாங்கிப் பிடிக்கிற வசதி மட்டும் அந்த ஆப்பில் இன்னும் வரவில்லை.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். சட்டத்துக்கு என்ன குறைச்சல்! ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைத்தாக வேண்டும் என்று 2017இலேயே மகப்பேறு நலச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்துவிட்டார்கள். தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவரலாம். என் மனைவியின் நிறுவனமும் வைத்திருக்கிறது, பதினொரு கிலோமீட்டர் தள்ளி, வேறு யாரோ நடத்தும் இடத்தோடு ஒப்பந்தம் போட்டு. நான்கு முறை சோழிங்கநல்லூர் சிக்னலைத் தாண்டிப் போய்த் திரும்பினால் அன்றைக்கு அவள் செய்த வேலை பிள்ளையைப் பார்த்தது மட்டும்தான். அடுத்த மாதம் அந்த வேலையை வீட்டிலேயே முழு நேரமாகச் செய்யலாம்.

அரசாங்கம் சும்மா இருக்கிறதா? 1975 அக்டோபர் 2இல், காந்தி பிறந்த நாள் பார்த்து, ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேல் அங்கன்வாடிகள். பிள்ளைக்குச் சோறு போட்டு, எடை பார்த்து, பாட்டுச் சொல்லிக்கொடுத்து, இடையில் அரசு தருகிற கணக்கெடுப்பையும் செய்கிற பெண்ணுக்கு அரசு தருவது சம்பளம் அல்ல, 'மதிப்பூதியம்'. ஒன்றிய அரசு 2018இல் பெரிய மனது பண்ணி அதை மூவாயிரத்திலிருந்து 4,500 ரூபாயாக உயர்த்தியது. மாநிலம் மேலே போட்டுத் தருவதால்தான் அடுப்பு எரிகிறது. இந்தப் பெண்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று சொல்ல 2022இல் உச்ச நீதிமன்றமே வர வேண்டியிருந்தது. ராக்கெட் விடுகிற தேசத்தில் பிள்ளை வளர்ப்பது மட்டும் இன்னும் தொண்டு.

மூன்றாவது இடம் அழகு. வாசல் சுவர் முழுக்க ஒட்டகச்சிவிங்கி வரைந்திருந்தார்கள், சிரிக்கிற ஒட்டகச்சிவிங்கி. பையன் ஓடினான். அதன் காலடியில் சம்ப், தரைக்கு அடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டி. மேலே ஒரு கடப்பா கல், குறுக்கே விரிசல் விட்டு, ஒரு மூலை உடைந்து போய். பிள்ளையின் பாதம் தாராளமாக நுழைகிற அளவு ஓட்டை. பாய்ந்து தூக்கினேன். மிஸ் சிரித்தார். "மேல ஏறக் கூடாதுன்னு எல்லாக் குழந்தைகளுக்கும் சொல்லியிருக்கோம் சார்."

விக்கிரவாண்டியில் 2025 ஜனவரியில் எல்.கே.ஜி. குழந்தை ஒன்று பள்ளியின் கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து செத்தது. அதே ஆண்டு ஏப்ரலில் மதுரையில், தனியார் மழலையர் பள்ளியின் தண்ணீர்த் தொட்டியில் நான்கு வயதுக் குழந்தை. அவர்களுக்கும் யாராவது சொல்லித்தான் இருப்பார்கள்.

ஒவ்வொரு சாவுக்கும் ஒரு சடங்கு வைத்திருக்கிறோம். கைது, சீல், எல்லாப் பள்ளிகளிலும் ஆய்வு நடத்த உத்தரவு. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று ஒரு பள்ளியின் சமையல் கூடத்துத் தீ கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளைக் கரியாக்கியது. தஞ்சாவூர் நீதிமன்றத் தீர்ப்பு வரப் பத்து வருஷம். பாடம் கற்றுக்கொண்டோம்: ஓலைக் கூரையை எடுத்தோம். கூரை எரிந்தால் கூரை, தொட்டி விழுங்கினால் தொட்டி. அடுத்து எது என்று பிள்ளைகள்தான் காட்டிக்கொடுக்க வேண்டும். ஆய்வாளர்கள் பாவம், எத்தனை வேலை அவர்களுக்கு!

கல்லை மாற்றாமல் சேர்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியில் மாமனார் போனில், "இதுக்குத்தான் பொம்பளப் புள்ள வேலைய விட்டுடணும்கிறது" என்றார். பிளந்த கல்லுக்குப் பரிகாரம் என் மனைவியின் ராஜினாமாவாம்.

திங்கட்கிழமை காலை வாட்ஸ்அப்பில் படம் வந்தது. "டன் சார்! அட்மிஷன் கன்ஃபர்ம் பண்ணிடலாமா?" பெரிதாக்கிப் பார்த்தேன். அதே கல், அதே விரிசல், அதே உடைந்த மூலை. மேலே பச்சை பெயின்ட்டில் ஓர் ஆமை வரைந்திருந்தார்கள். அதுவும் சிரித்தது.