அடுத்த கச்சேரி எப்போ? நெய்வேலி நகரியத்து ராக் குழுவினரின் விடைகள் பற்றி ஓர் இலக்கண ஆய்வு

கிட்டார் வாசிக்கிறவரை வழியில் நிறுத்தி ரசிகர் கேட்கும் கேள்வியும், அதற்கு அவர் சொல்லும் பதிலும் நம் இலக்கண ஆசிரியர்கள் கைவைக்காமல் விட்ட துறை. பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்து வைத்து ஏறக்குறைய எண்ணூறு ஆண்டு ஆகிறது. அந்த எட்டில் ஐந்தை ஒரே ஆள், ஒரு கிளாஸ் டீ ஆறுவதற்குள், பிறழாமல் பிரயோகிக்க முடியும் என்பதை அவர் அறிந்திருக்க நியாயமில்லை. அன்று நெய்வேலி டவுன்ஷிப் இல்லை, கரன்ட்டில் ஓடும் கிட்டாரும் இல்லை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட குழுவின் பெயரை வெளியிட ஆய்வு நெறி இடம் தரவில்லை. நகரியத்தில் எந்தக் காலத்திலும் இப்படியொரு குழு இருக்கும் என்பதால் பெயர் அவசியமும் இல்லை. லீட் கிட்டார் மைன்ஸில் வேலை. டிரம்மர் தெர்மலில். பேஸ் வாசிக்கிற பையன் சிதம்பரத்தில் படிக்கிறான். கீபோர்டு வாசித்தவர் பெங்களூரு போய்ச் சில வருஷம் ஆகிவிட்டது, ஆனாலும் "குழுவில்தான் இருக்கிறார்." பல மாநிலங்களுக்கு மின்சாரம் அனுப்புகிற ஊர் இது. அந்த ஊர் குவார்ட்டர்ஸில் ஒரு ஆம்ப்ளிஃபயரைச் சொருக வேண்டுமென்றால், பக்கத்து வீட்டு மாமி கோயிலுக்குக் கிளம்பிப் போயிருக்க வேண்டும். ஒத்திகை அட்டவணை பஞ்சாங்கத்தைச் சார்ந்திருப்பதற்கு இதுவே காரணம். பிரதோஷத்தன்று நல்ல முன்னேற்றம் காணப்படுகிறது.

ரசிகரிடம் இருப்பவை இரண்டே கேள்விகள். புதுப் பாட்டு எப்போ, அடுத்த ப்ரோக்ராம் எங்கே. இவை நன்னூல் வகுத்த ஆறு வினாக்களில் எதில் சேரும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அறியாதவர் அறிய விரும்பிக் கேட்பது அறியா வினா என்பார்கள். ஆனால் கேட்கிற தம்பிக்குப் புதுப் பாட்டு இல்லை என்பது நன்றாகத் தெரியும்; தெரிந்தே கேட்கிறான். அப்படியானால் அது அறிவினா. வகுப்பில் வாத்தியார் கேட்கும் அந்தத் தோரணை அவன் குரலிலும் உண்டு. சிலர் கேட்பதில் "சீக்கிரம் போடுங்க" என்ற கட்டளை ஒளிந்திருப்பதால் ஏவல் வினா என்றும் கொள்ளலாம். கொடுக்கும் எண்ணத்தோடு கேட்கிற கொடை வினா மட்டும், அதாவது "ஹால் வாடகைக்குப் பணம் இருக்காண்ணா?" என்பது, இதுவரை எங்கும் பதிவாகவில்லை.

விடைகளுக்கு வருவோம். மெயின் பஜார் பக்கம் ஒரு டீக்கடை. முதல் ஷிப்ட் விட்டு வந்த கிட்டார்க்காரர் ஹெல்மெட்டை வண்டி கண்ணாடியில் மாட்டிவிட்டு, கிளாஸை விளிம்பில் பிடித்து ஊதிக்கொண்டிருக்கிறார். சட்டைக் காலரில் மண் தூசி. இடது கை விரல் நுனிகளில் கம்பி அழுத்திய காய்ப்பு. ஐ.டி.ஐ. படிக்கிற ரசிகன் ஒருவன் சைக்கிளை ஸ்டாண்டு போடாமலேயே ஆரம்பிக்கிறான்.

"என்னண்ணா, அடுத்த ப்ரோக்ராம் எப்போ?"

"டிரம்மருக்கு இந்த வாரம் நைட்டுடா."

"அப்ப அடுத்த வாரம்?"

"அடுத்த வாரம் எனக்கு நைட்டு வந்துடும்."

"சரி, புதுப் பாட்டாவது இருக்கா?"

"பாட்டு இல்லாம இருக்குமா?"

"ரெக்கார்டிங் முடிச்சிட்டீங்களா?"

"பழைய பாட்டை அக்கூஸ்டிக்ல பண்ணி வெச்சிருக்கோம்."

"லிக்னைட் ஹால்ல ஒரு நாள் போடலாம்லண்ணா?"

"நீ போய் ஹாலை புக் பண்ணிட்டு வா, பாப்போம்."

பள்ளிக்கூடத்தில் இதற்காக அடி வாங்கியவர்கள் இந்நேரம் விரல் விட்டு எண்ணியிருப்பார்கள். நேர்ந்ததைச் சொன்னது உற்றது உரைத்தல். நேரப்போவதைச் சொன்னது உறுவது கூறல். கேள்வியையே பதிலாகத் திருப்பியது வினா எதிர் வினாதல். கேட்டதை விட்டு அதற்கு இனமான வேறொன்றைச் சொன்னது இனமொழி. கேட்டவன் தலையிலேயே வேலையைக் கட்டியது ஏவல். பாடநூல் குறிப்பு விடை என்று ஒதுக்குகிற ஐந்தும் வரிசையாக வந்துவிட்டன. வெளிப்படை விடைகளான சுட்டு, மறை, நேர் மூன்றும் தலைகாட்டவே இல்லை. "இல்லைடா" என்ற மறை விடை எவ்வளவு சுருக்கமானது! அதைச் சொல்ல மட்டும் அவருக்கு நா எழவில்லை. "இல்லை" என்றால் மறுநாள் அந்தப் பையன் கேட்க மாட்டான். கேட்க ஆளில்லாத குழு எத்தனை நாள் குழுவாக இருக்கும்?

இதன் காரணத்தை மண்ணியல் வழியாகவும் விளக்கலாம். நெய்வேலியில் ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஐந்தாறு கன மீட்டர் மேல்மண்ணை அள்ளிக் கொட்டியாக வேண்டும். அதுவும் போதாதென்று, அடியிலிருந்து அழுத்தத்தோடு மேலே வரத் துடிக்கும் ஊற்று நீரை ராப்பகலாக பம்ப் செய்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இறைப்பதை நிறுத்தினால் சுரங்கமே தண்ணீரில் போய்விடும். இசைக்கலைஞரின் விடையும் இதே விகிதத்தில் அமைந்தது. தேதி என்ற சரக்கு அடியில் ஓரிடத்தில் கிடக்கிறது. அதன்மேல் ஷிப்ட், மழை, மிக்ஸிங், பெங்களூரு என்று அடுக்கடுக்காக மண். இந்த ஊரே பொறுத்திருந்து கிடைத்ததுதான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தது 1957 மே 20. நிலக்கரி கண்ணில் பட்டது 1961-இல், அதிலிருந்து மின்சாரம் வந்தது 1962-இல். இந்தக் கணக்கில் பார்த்தால் நம் குழு இன்னும் கிணறு தோண்டும் கட்டத்தில் இருக்கிறது. தாமதம் என்று சொல்ல முகாந்திரமில்லை.

அயல்நாட்டுத் தரவுகளும் பவணந்தியார் பக்கமே நிற்கின்றன. கன்ஸ் அண்ட் ரோஸஸ் குழு 1991-இல் சொந்தப் பாட்டுகளோடு இரண்டு ஆல்பம் போட்டது. அடுத்தது எப்போ என்று கேட்டவர்களுக்கு 1993-இல் பிறர் பாட்டுகளைப் பாடி ஒரு ஆல்பம் தந்தார்கள். இது தூய இனமொழி. அந்த ஆல்பத்தின் பெயர் 'தி ஸ்பகெட்டி இன்சிடென்ட்?', பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறியும் உண்டு. அதாவது இனமொழிக்குள் வினா எதிர் வினாதல். உலக இலக்கணத்தில் இதற்கு இணை கிடைப்பது அரிது. அடுத்த சொந்த ஆல்பமான 'சைனீஸ் டெமாக்ரஸி' வந்தது 2008 நவம்பரில். அந்த வருஷத் தொடக்கத்தில் டாக்டர் பெப்பர் என்ற குளிர்பானக் கம்பெனி, இந்த வருஷத்துக்குள் ஆல்பம் வந்தால் அமெரிக்காவில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரு பானம் இலவசம், குழுவை விட்டுப் போன இரண்டு கிட்டார்க்காரர்களுக்கு மட்டும் கிடையாது என்று அறிவித்தது. வராது என்ற தைரியம்தான். வந்து தொலைத்தது. கூப்பன் கேட்டு ஜனங்கள் மொய்த்ததில் கம்பெனியின் இணையதளம் படுத்துவிட்டது. நம் டீக்கடைக்காரருக்கு இந்த வரலாறு தெரியாது. ஆனாலும் அவர் எதற்கும் பந்தயம் கட்டுவதில்லை.

மறை விடையின் கதி என்ன என்பதற்கு ஈகிள்ஸ் சாட்சி. 1980-இல் பிரிந்தவர்களில் ஒருவரான டான் ஹென்லியிடம் மறுபடி சேருவீர்களா என்று கேட்டபோது, நரகம் பனியாய் உறைந்தால் சேருவோம் என்ற பொருளில் சொன்னார். 1994-இல் சேர்ந்தார்கள், ஊர் ஊராகப் போனார்கள், அந்தப் பயணத்துக்கு 'ஹெல் ஃப்ரீசஸ் ஓவர்' என்றே பெயரும் வைத்தார்கள். சுட்டு விடையின் கதி இன்னும் வேடிக்கை. மை பிளடி வேலண்டைன் குழு 1991-க்குப் பிறகு ஆல்பமே போடாமல் இருந்தது. 2013 ஜனவரி கடைசியில் லண்டன் பிரிக்ஸ்டனில் ஒரு கச்சேரி. கூட்டத்திலிருந்து ஒருவர் ஆல்பம் எப்போ என்று குரல் கொடுக்க, கெவின் ஷீல்ட்ஸ் இன்னும் இரண்டு மூன்று நாளில் வரலாம் என்றார். யாராவது நம்புவார்களா? பிப்ரவரி 2-ஆம் தேதி வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு கிடைத்த ஒரே நேரான பதிலை நம்பாமல் போன ரசிகர்களைக் குறை சொல்ல இவ்வாய்வாளருக்கு மனம் வரவில்லை.

தமிழ்நாட்டில் இனமொழியின் சிகரம் இளையராஜா. 1993-இல் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் குழுவை வைத்து ஒரு சிம்பொனி பதிவு செய்தார். அது வெளிவரவில்லை. "அந்த சிம்பொனி எப்போ?" என்ற கேள்வியோடு ஒரு தலைமுறை நரைத்தது. 2025 மார்ச் 8 அன்று லண்டன் அப்போலோ அரங்கில் அவர் அரங்கேற்றியது வேறொரு சிம்பொனியை, 'வேலியன்ட்'. கேட்டது அது, கொடுத்தது இது. ஊர் திரும்பியதும் டவுன்லோட் செய்து கேட்க வேண்டாம், நேரில் கேளுங்கள், 13 நாடுகளுக்குப் போகப்போகிறது என்றார். எண்பது கடந்தவர் டூர் தேதி சொல்லும்போது, முப்பதைத் தாண்டாத நம் லீட் கிட்டார் அடுத்த வாரம் நைட்டு என்கிறார். ஒப்பிடுவது நியாயமில்லைதான்; இளையராஜாவுக்கு ஷிப்ட் கிடையாது. தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி செய்ததைப் பலர் பாட்டுக்காகவும் அரசியலுக்காகவும் பாராட்டினார்கள். பத்தொன்பது பேருக்கு ஒரே சாயங்காலம் ஓய்வாக இருந்ததே என்றுதான் நெய்வேலி டிரம்மர் இன்றைக்கும் வியந்துகொண்டிருக்கிறார்.

நன்னூலுக்கு அடங்காத ஒன்பதாம் விடை ஒன்றும் உண்டு. அது பிறந்த இடம் நெய்வேலியேதான். 2020 பிப்ரவரியில் 'மாஸ்டர்' படப்பிடிப்பு சுரங்கத்தில் நடந்துகொண்டிருந்தபோது, வருமான வரிக்காரர்கள் வந்து விஜய்யை அழைத்துப் போனார்கள். விசாரணை முடிந்து அவர் திரும்பிய பிறகு நாளுக்கு நாள் வெளியே கூட்டம் பெருகியது. ஆளாளுக்கு ஆயிரம் கேள்வி. அவர் வாய் திறக்கவில்லை. ஒரு வேன்மேல் ஏறினார், கையை நீட்டினார், பின்னால் கடலாய் நின்ற கூட்டத்தோடு ஒரு செல்ஃபி எடுத்தார். அந்தப் படம் போட்ட ட்வீட்தான் அந்த வருஷம் இந்தியாவில் அதிகம் ரீட்வீட் ஆனது. 'வேன் விடை' என்று இதற்குப் பெயரிடப் பரிந்துரைக்கிறேன். இந்த விடை எல்லோருக்கும் செல்லாது என்பதையும் குறிக்க வேண்டும். நம் கிட்டார்க்காரர் டெம்போமேல் ஏறினால், கீழே இருப்பவர்கள் "ஸ்பீக்கர் ஒயரை அந்தப் பக்கம் இழுத்துக் கட்டுண்ணா" என்பார்கள்.

ஓய்வு பற்றியும் ஒரு வார்த்தை. தி ஹூ குழு 1982-இல் பிரியாவிடைப் பயணம் என்று சொல்லி டிக்கெட் விற்றது; 1989-இல் மறுபடி கிளம்பிவிட்டது. நெய்வேலியில் மனிதர்கள் இப்படிச் செய்வதில்லை. மாதக் கடைசி நாளில் மாலை, சால்வை, குரூப் போட்டோ, பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியதுதான். பிரியாவிடைப் பயணத்தை நீட்டிக்கொண்டே போனது இங்கே முதல் அனல்மின் நிலையம். சோவியத் உதவியோடு எழுந்து 1962-இலிருந்து ஓடிய அதற்குப் பலமுறை கெடு வைத்து, பலமுறை நீட்டித்து, 2020-இல்தான் மூடினார்கள். ராக் குழுவின் மனோபாவம் அதற்கு இருந்தது.

ஊரில் "எப்போ" என்று முடியும் கேள்விகளில் ரசிகனுடையது ஆகக் கடைசி என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி "பர்மனென்ட் எப்போ?" என்று கேட்கிறார். நிலம் கொடுத்த வீட்டுப் பையன் "வேலை எப்போ?" என்று கேட்கிறான். அவர்களுக்கும் உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி எல்லாம் வருகிறது. அங்கே அதைப் படித்து யாரும் சிரிப்பதில்லை, நானும் அந்தப் பக்கம் போகவில்லை.

கடைசியாக, ஆய்வின் முடிவையே ஆட்டம் காணவைத்த ஒரு தரவு. வெளிப்படை விடை இவர்களிடம் அறவே இல்லை என்று எழுதி முடித்த வேளையில், அதே டீக்கடையில், வெள்ளை வேட்டியில் ஒருவர் கிட்டார்க்காரரிடம் வந்து நின்றார்.

"தம்பி, பொண்ணு ரிசப்ஷனுக்கு வாசிப்பீங்களா?"

"வாசிக்கிறோம் சார். என்னைக்கு?"

"தை கடைசி ஞாயிறு."

"ஆறரைக்கு ஆரம்பிச்சு ஒன்பதரை வரைக்கும். சவுண்ட் சர்வீஸ் நாங்களே பாத்துக்கறோம். அட்வான்ஸ் பாதி. நாங்க ஆறு பேரு, சாப்பாடு முதல் பந்தியிலேயே போட்டுடுங்க, டிரம்மர் அன்னைக்கு நைட்டுக்குப் போகணும்."

நேர் விடை, சுட்டு விடை, மணி, அட்வான்ஸ், எல்லாம் ஒரே மூச்சில். பெங்களூரு கீபோர்டுக்காரர் அந்த ஞாயிறு வந்துவிடுவார் என்பதும் அங்கேயே உறுதியானது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற ரசிகன் விடுவதாக இல்லை.

"அண்ணா, அன்னைக்கு உங்க சொந்தப் பாட்டு ஒண்ணு?"

கிட்டார்க்காரர் வேட்டிக்காரரைப் பார்த்தார். வேட்டிக்காரர் கொஞ்சம் யோசித்தார்.

"போடுங்க. ஆனா ஜனம் பந்திக்குப் போன அப்புறம்."