முருங்கையிலை ஒரு ரியூசன் வாத்தியார்

தம்பி, மகளின்ரை புத்தகப்பையுக்கை கொமிக்ஸ் கிடந்ததெண்டு நேற்று ஒழுங்கை முழுக்கக் கேக்கச் சத்தம் போட்டீராம். புலமைப்பரிசில் வருசத்திலை மந்திரம், மாயம் எண்டு வாசிச்சால் மூளை கெட்டுப்போகுமாம். ஞாயமான கதை. சோதனைக்கு முதல்நாள் பேனையைக் கொண்டுபோய் நல்லூரிலை அர்ச்சனைத் தட்டிலை வைக்கப்போறது ஆரெண்டு நான் கேக்கேல்லை.

1947இலை தொடங்கின அம்புலிமாமாவை உம்மடை தேப்பன் ஒளிச்சு வாசிச்சவர். விக்கிரமாதித்தன் வாளும் கையுமாய்ப் பிரேதத்தைத் தோளிலை போட்டுக்கொண்டு போற படம், சங்கர் கீறினது, இப்பவும் எனக்குக் கண்ணுக்கை நிக்குது. முருங்கையிலை தொங்கின வேதாளம் என்ன செய்தது? முதல் ஒரு கதை சொல்லும். பிறகுதான் கேள்வி. விடை தெரிஞ்சும் வாய் திறக்காட்டில் தலை வெடிக்கும் எண்டு வெருட்டும். உம்மடை ரியூசன் வாத்தியாரும் அதைத்தான் செய்யிறார். கதையை மட்டும் விட்டிட்டார். வேதாளம் மாதக்காசும் வாங்கேல்லை.

சிவகாசிக்காரர் 1972இலை முத்து கொமிக்ஸ் தொடங்கேக்கை முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவிதான். உடம்பிலை கறண்ட் பாய்ஞ்சால்தான் அந்தாள் மறைய ஏலும். 1990க்குப் பிறகு சண்டைக்காலத்திலை யாழ்ப்பாணம் வந்திருந்தால் பாவம் மனுசன்! கறண்டும் இல்லை, பற்றறிக்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட ஊரிலை, மாயாவியையும் ஒரு பெடியன் பெடல் மிதிச்செல்லோ மறைச்சிருக்க வேணும். அந்தாள் மறைஞ்சாலும் இரும்புக்கை மட்டும் வெளியிலை தெரியும். உம்மடை மகளும் இப்ப அப்பிடித்தான். பள்ளிக்கூடம், ரியூசன், பிறகும் ரியூசன். பிள்ளையைக் காணேல்லை, பேனை பிடிச்ச கை மட்டும் தெரியுது.

நீர் மட்டும் திறமே? ஜாம் போத்தல் விளக்கிலை ராணி கொமிக்ஸ் வாசிச்சுத் தலைமயிர் பொசுக்கின ஆள். அட்டையும் இல்லாமல், கடைசித் தாளும் இல்லாமல் கைமாறி வந்த புத்தகத்துக்கு, முடிவை நீரே கட்டி ஒழுங்கைப் பெடியளுக்குச் சொன்னீர். ஆளுக்கொரு முடிவு சொல்லி ரண்டு பேர் அடிபட்டதும் எனக்கு ஞாபகம். அந்த மூளைதான் இப்ப வங்கியிலை கணக்குப் பாக்குது.

மகளின்ரை புத்தகத்தையும் பாத்தன், சத்தம் போடாதேயும். கனடாவிலையிருந்து வந்த மச்சாள் குடுத்ததாம். 'அமுலெற்' எண்டு பேர். தோக்கியோவிலை பிறந்த கசு கிபுயிசி எண்டவர் அமெரிக்காவிலை இருந்து 2008இலை தொடங்கி, 2024இலை ஒன்பதாம் பாகத்தோடை முடிச்சவராம். எனக்கு இங்கிலீசு வராது. வந்தென்ன, வராட்டிலென்ன? தேப்பன் கார் விபத்திலை போறான், தாயும் ரண்டு பிள்ளையளும் பூட்டன்ரை பழைய வீட்டுக்கு வருகினம். அந்தப் பெட்டையின்ரை முகத்தைக் கீறின விதமே காணும். வீட்டுக்கை ஒரு கல்லுப் பதக்கம் கிடக்குது, பெட்டை கழுத்திலை கட்டுறாள். தாயை ஒரு பூதம் நிலத்துக்குக் கீழை இழுத்துக்கொண்டு போகுது. தாயை மீட்டாச்சு, ஆனால் நஞ்சேறிக் கண் திறக்கிறாவில்லை. மருந்து தேடி வீடே கால் முளைச்சு எழும்பி நடக்குது! எங்கடை ஒழுங்கையிலை ஒரு வீடு எழும்பி நாலடி நகர்ந்தால் எல்லை வழக்குப் பூட்டப்பிள்ளையள் காலம் மட்டும் போகும். சொந்தக்காரன் ரொறன்ரோவிலை இருந்தபடி, வீடு ஆற்றை காணியிலை நிக்குதெண்டு போனிலை கேப்பான்.

முதல் பாகம் அதோடை சரி. ரண்டாம் பாகம் மச்சாளின்ரை சூட்கேசுக்கை கிடக்காம். பிள்ளையைப் பேசாமல் மெல்லமாய் வாங்கிக்கொண்டு வாரும். தாய்க்கு மருந்து கிடைச்சுதோ எண்டு பாப்பம். அவள் ரியூசனுக்குப் போற நேரமாய் வந்தால் நல்லது. வரேக்கை உம்மடை கண்ணாடியையும் மறவாதேயும்.