ஒத்துக்கொண்ட பிறகு அப்பீலா?

"ஆமாம், நான்தான் செய்தேன்" என்று கோர்ட்டில் சொல்லிவிட்டு, அப்புறம் அப்பீலுக்குப் போவது என்ன நியாயம் சார்?
*– வாசகர், கரூர்*

எடுக்காத பணத்துக்காகக் குற்றவாளி ஆவது மட்டும் என்ன நியாயம்? பிரிட்டனில் கிளை அஞ்சலகம் நடத்திய பலருக்கு அதுதான் நடந்தது. ஹொரைசன் என்ற கணினிக் கணக்கு, பணம் குறைகிறது என்றது. திருட்டுக் குற்றச்சாட்டுக்கும் சிறைக்கும் பயந்து, 'பொய்க்கணக்கு எழுதினேன்' என்று சிலர் ஒத்துக்கொண்டார்கள். 2021 ஏப்ரலில் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேர் மீதான குற்றத்தீர்ப்புகளை ரத்து செய்தது. ஒத்துக்கொண்டவர்களும் அதில் உண்டு. துண்டு விழுந்தது கல்லாவில் இல்லை, மென்பொருளில்!

நம் நாட்டில் ஒத்துக்கொண்டால்?
*– வாசகி, தென்காசி*

வாசல் குறுகல். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 416-வது பிரிவுப்படி, செஷன்ஸ் அல்லது மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் ஒத்துக்கொண்டு தண்டனை பெற்றவர், தண்டனையின் அளவையும் அது சட்டப்படி செல்லுமா என்பதையும் பற்றி மட்டுமே அப்பீல் செய்யலாம். 'செய்யவே இல்லை' என்று அப்பீலில் வாதாட வழியில்லை. உயர் நீதிமன்றமே தண்டித்திருந்தால் இந்த அப்பீலும் கிடையாது. வாயைத் திறப்பதற்கு முன்பே வக்கீலைக் கேளுங்கள். வசதி இல்லாதவர்களுக்கு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகவே வக்கீல் வைத்துத் தரும்.