எழுதிக் கொடுத்துட்டு எங்க மாப்ளே படுப்பே?

என்ன மாப்ளே, மூத்தவன் பத்து நாளா உன் காலுக்கு எண்ணெய் தேச்சு விடுறானாமே? மருமக வேற கருப்பட்டிக் காப்பியைத் தம்ளர் தம்ளரா நீட்டுறாளாம். பாசம் பொங்குற வீட்டுக்குப் பத்திர எழுத்தரும் வந்து போறதா ஊருக்குள்ள பேச்சு. நல்லா இரு. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால தாய்மாமன் சொல்றதையும் காதுல வாங்கிக்க.

அவன் கேக்குறது செட்டில்மென்ட். அது பதிவாகிப் போச்சுன்னா வீடு அவன் வீடு, நீ விருந்தாளி. விருந்துக்கு எத்தனை நாள் மரியாதைன்னு நான் சொல்லணுமா? நாளைக்கு மொகம் கோணுனா நீயா போய் அதை ரத்து பண்ண முடியாது. கோர்ட்டுப் படி ஏறணும். உயில் அப்படியா? நீ கண்ணை மூடுன பொறகுதான் அதுக்கு உசுரு. அதுவரைக்கும் வீடு உன்னுது. காப்பி ஆறிப்போய் வந்தா அன்னைக்கே மாத்தி எழுதலாம். கடைசியா எழுதினது எதுவோ அதுதான் செல்லும். அது தெரிஞ்சா மருமக காப்பி கடைசி வரைக்கும் சூடாத்தான் வரும்.

"மகன் தங்கமானவன் மாமா"ம்பே. நான் இல்லேன்னேனா? செட்டில்மென்டே எழுது. ஆனா, சாகுற வரைக்கும் வீட்டை அனுபவிக்கிற உரிமை எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் உண்டு, சோறும் வைத்தியமும் அவன் பொறுப்புன்னு சேர்த்து எழுதச் சொல்லு. மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாரு, அதுலயே பாதி விசயம் தெரிஞ்சிரும். 2007ல பெத்தவுகளுக்குன்னே வந்த சட்டத்துல 23ஆவது பிரிவு இருக்கு. பாத்துக்கணும்ங்கிற நிபந்தனையில கொடுத்துட்டு, அவன் பாக்காம விட்டா, ஆர்.டி.ஓ.கிட்ட மனுக் கொடுத்துப் பத்திரத்தைச் செல்லாதுன்னு ஆக்கலாம். ஆனா நிபந்தனை இருந்துச்சுன்னு காட்டியாகணும்னு 2022ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு. பொறகு வந்த சில தீர்ப்புக பெத்தவுக பக்கம் சாஞ்சு பேசுது. எழுதியே வெச்சுட்டா உனக்கெதுக்கு அந்த வாதம்?

உயிலுக்கு முத்திரைத்தாள்கூட வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவு கட்டாயமில்ல, பண்ணிவெச்சா நல்லது. ரெண்டு சாட்சி மட்டும் கட்டாயம். அதுக்குத் திண்ணைக் கூட்டாளிகளைக் கூப்பிட்டுராதே. நாளைக்கு வழக்குன்னு வந்தா சாட்சி வந்து சொல்லணும்ல? உனக்கு முன்னாலயே அவன் போய்ட்டா? என்னைக் கூப்பிடவே கூப்பிடாதே. பங்கு வாங்குறவனையும் வேண்டாம், வம்பு.

பேங்குல பெரியவனை நாமினியாப் போட்டாச்சுன்னு நிம்மதியாத் தூங்குறியாம். நாமினி பணத்தை வாங்கி வைக்கிற ஆள்தான்யா, பங்கு வாரிசுகளுக்கு.

இன்னொண்ணு. பொண்ணுக்கு நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சுன்னு கணக்கு ஒப்பிச்சியாமே. நீ சம்பாதிச்ச வீட்டை யாருக்கு வேணும்னாலும் எழுது, அது உன் இஷ்டம். ஓடைக்கரைப் புஞ்சை பூர்வீகம்யா. அதுல உன் பங்குக்கு மேல ஒரு செண்டு எழுதவும் உனக்குப் பாத்தியதை இல்ல. தமிழ்நாட்டுல 1989லயே கல்யாணம் ஆகாத பொண்ணுகளுக்குப் பங்கு வந்துருச்சு. 2005ல மத்திய சட்டம் வந்து, கட்டிக்கொடுத்த பொண்ணுக்கும் உண்டுன்னு ஆயிருச்சு. அவளுக்குத் தெரியாம எழுதி, உன் பதினாறாம் நாள் காரியத்துல அண்ணனும் தங்கச்சியும் மல்லுக்கு நிக்கணுமா?

பத்திர எழுத்தரை அடுத்த வாரம் வரச் சொல்லு. இப்ப எந்திரிச்சுப் போய் மகளுக்கு ஒரு போனைப் போடு.