ஒரு டேப்பின் அதிகாரம்

கேள்வி: மென்பொருளைக் கட்டமைக்கும் மேக் (make) கருவிக்கு முதன்முதலாக மேக்ஃபைல் எழுதும்போது, சரியாகத் தெரியும் வரியிலும் பிழை வருவது ஏன்?

பதில்: கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தே காரணம். எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது, அது மாறினால் எந்தக் கட்டளை ஓட வேண்டும் என்று கூறும் மேக்ஃபைலில் கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும். எட்டு இடைவெளிகள் இட்டால், "டேப் இட நினைத்தீர்களா?" என்று அந்தக் கருவியின் ஒரு வடிவமான குனூ மேக் கேட்குமே தவிர, ஓர் அடியும் நகராது. 1976-இல் பெல் ஆய்வகத்தில் மேக்கை உருவாக்கிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் இந்த டேப் விதியை மாற்றாததற்குக் காரணம், அப்போதே மேக்கைப் பயன்படுத்திவந்த ஏறத்தாழ ஒரு டஜன் பேர், பெரும்பாலும் நண்பர்கள், சிரமப்படக் கூடாது என்ற பரிவே. அந்தப் பரிவுக்கு உலகம் இன்றுவரை வட்டி கட்டுகிறது. எனவே, டேப்பை இடைவெளிகளாக மாற்றும் வசதியை மேக்ஃபைலுக்கு மட்டுமாவது எடிட்டரில் முதலிலேயே அணைத்துவிட வேண்டும்.